பூண்டுக்காட்டு வரப்பில் செத்துக் கிடந்த கறுப்பு மூஞ்சூறு: வீட்டு மூஞ்சூறின் குட்டியா, சோலை இனமா?

மன்னவனூர் பூண்டுக்காடு (கேள்வி)

வணக்கம். இடம் பழனி மலை, மன்னவனூர்ப் பக்கம், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். கீழே மலைப்பூண்டும் கேரட்டும் போட்ட காடு, மேலே ஒரு சின்னச் சோலைக்காடு, இரண்டுக்கும் நடுவில் சீகை (வாட்டில்) மரங்கள். சோலையை ஒட்டிய வரப்பில் காலையில் ஒரு மூஞ்சூறு செத்துக் கிடந்தது. கழுத்தில் இரண்டு பொத்தல் தவிர வேறு காயம் இல்லை. தின்னப்படவும் இல்லை.

முதுகு கறுப்பு, வயிறும் கிட்டத்தட்ட அதே நிறம், பாதங்கள்கூடக் கருத்தவை. மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை 95 மில்லிமீட்டர், வால் 60, பின்பாதம் நகம் இல்லாமல் 16. நகைக்கடைத் தராசில் 16 கிராம். வாலில் ஆங்காங்கே நீண்ட முடிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

வீட்டு மூஞ்சூறின் குட்டி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். சோலையில் தனி இனம் உண்டு என்றும் கேள்வி. உறுதிப்படுத்த என்ன பார்க்க வேண்டும்? இது பூண்டு, கேரட்டைக் கடிக்குமா? உடலை இப்போதைக்குப் பாலித்தீன் பையில் கட்டி ஃபிரிஜ் உறைபெட்டியில் வைத்திருக்கிறது.

அவலாஞ்சி வாசகன்

குட்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீலகிரியிலும் பழனியிலும் மேல்மலையில் ஒரு மூஞ்சூறு கிடைத்தால் ஐந்து பெயர்களையாவது மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் நமக்குப் பழகிய வீட்டு மூஞ்சூறு சன்கஸ் மியூரினஸ். சோலைக்கும் புல்வெளிக்கும் உரிய கறுப்பு மலை மூஞ்சூறு சன்கஸ் நைகர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு மட்டுமே உரிய சன்கஸ் டேயி. 1888இல் டாப்சன் திருச்சூர் மாதிரியைக் கொண்டு விவரித்தது, மீன்கள் பற்றி எழுதிய பிரான்சிஸ் டேயின் பெயரைத் தாங்கியது. அடுத்து, சுமார் 2 கிராம் எடை மட்டுமே உள்ள குட்டை மூஞ்சூறு சன்கஸ் எட்ரஸ்கஸ். உலகில் எடையில் மிகச் சிறிய பாலூட்டி இதுதான். இதை நீலகிரியிலிருந்து 1842இலேயே துவெர்னுவா என்ற விலங்கியலாளர் பெரொட்டே என்பவரின் பெயரிட்டு விவரித்திருக்கிறார். கடைசியாக நீள்நக மூஞ்சூறு ஃபெரோகுலஸ், இலங்கை மலைகளிலும் நம் தென்மலைகளிலும் மட்டும் உள்ளது.

உங்கள் அளவுகளை வைத்து மூன்றை இப்போதே கழித்துவிடலாம். 16 கிராம் என்றதுமே எட்ரஸ்கஸ் போயிற்று. டேயிக்கு வால் மெலிந்து, உடல் நீளத்துக்குச் சமமாகவோ கூடவோ இருக்கும். உங்களுடையது உடலில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஃபெரோகுலஸுக்கு முன்கால் நகங்களைப் பாருங்கள். மண் தோண்டுவதற்கென்றே நீண்டவை, பின்கால் நகங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் அறையும். நீங்கள் நகத்தைப் பற்றி எதுவும் சொல்லாததால் சாதாரண நகம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மிச்சம் வீட்டு மூஞ்சூறும் நைகரும். சிக்கலே இங்கேதான். நிறத்தை நம்ப முடியாது. மேல்மலை வீட்டு மூஞ்சூறுகளிலும் கருத்தவை உண்டு. வாலில் நீட்டி நிற்கும் முடி இரண்டுக்கும் பொது. அளவு சிறியது என்பது குட்டிக்கும் பொருந்தும். ஆகவே கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும்: இது வளர்ந்து முடிந்த விலங்கா? 16 கிராமில் முழு வளர்ச்சி அடைந்திருந்தால் வீட்டு மூஞ்சூறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

உடலில் பார்க்க வேண்டியவை: பெண்ணாக இருந்தால் தொடை இடுக்கில் மூன்று ஜோடி முலைக்காம்புகள், பால் கொடுத்தவை என்றால் தெளிவாகத் துருத்தி நிற்கும். ஆணுக்கு விரை வெளியே தெரியாது, உள்ளேயே இருக்கும்; அதனால் வாலடியைப் பார்த்து பெண் என்று எழுதிவிட வேண்டாம். விலாவில் முன்காலுக்குச் சற்றுப் பின்னால் முடியை ஊதி விலக்கினால் கஸ்தூரிச் சுரப்பியின் மேடு தெரியும், வளர்ந்த ஆணில் சுற்றிலும் குட்டையான விறைப்பு முடி எல்லை கட்டியிருக்கும். இன்னொன்று பின்பாதம். குட்டிகளுக்கு உடலைவிடப் பாதம் முந்தி வளரும். வீட்டு மூஞ்சூறின் குட்டி 95 மில்லிமீட்டர் வந்திருந்தால் பாதம் உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிந்திருக்கும். 16 மில்லிமீட்டர் அப்படித் தெரியவில்லை.

நைகரைப் பழைய நூல்களில் சன்கஸ் மொன்டானஸ் என்று பார்ப்பீர்கள். இலங்கை மலை மூஞ்சூறோடு சேர்த்து ஒரே இனம் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2008இல் மரபணு ஒப்பீடு வந்த பிறகு மொன்டானஸ் இலங்கைக்கு, நைகர் இந்தியாவுக்கு என்று பிரிந்தது. நீலகிரியின் மேல்பவானிச் சோலைகளில் 1990களில் நடந்த சிறு பாலூட்டி ஆய்வை வாசிக்கும்போது மொன்டானஸ் என்று இருப்பதை நைகர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தின்னாமல் போட்டுப் போனதற்குக் காரணம் அந்தக் கஸ்தூரி வாடைதான். பூனையோ நாயோ ஓடுவதைக் கண்டு கவ்விக் கொல்லும், வாடை பட்டதும் விட்டுவிடும். பாதையிலும் வரப்பிலும் முழு உடலாக மூஞ்சூறு கிடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆந்தைக்கு வாடை ஒரு பொருட்டில்லை, முழுசாக விழுங்கிவிடும்.

கோத்தகிரி காய்கறி

பயிர்க் கேள்விக்குச் சுருக்கமாக: பூண்டையும் கேரட்டையும் மூஞ்சூறு தொடாது. அதன் முன்பல் உளி மாதிரி வெட்டும் பல் இல்லை, பூச்சியைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிப் பல். கேரட்டின் தோளில் ஜோடி ஜோடியாக வரி விழுந்திருந்தால் எலி. பக்கத்தில் மண்ணைக் குவித்துத் தள்ளிய வளை இருந்தால் பெருச்சாளி. கேரட்டில் சின்னச் சின்னக் குழியாக இருந்தால் வேர்ப்புழு, அதைத் தேடித்தான் மூஞ்சூறு வருகிறது. வேர்ப்புழு, வெட்டுப்புழு, ஓடில்லா நத்தை, மண்புழு, சிலந்தி, பூரான், வண்டு இவைதான் அதன் சாப்பாடு.

எச்சம் பார்த்தும் பிரிக்கலாம். எலிப் புழுக்கை காய்ந்து கதிர் வடிவில் தனித்தனியாக உருளும். மூஞ்சூறின் எச்சம் மெத்தென்று கருத்து, நசுக்கினால் வண்டு ஓட்டுத் துணுக்கு மினுங்கும், வாடையும் உண்டு.

எலிக்கு வைக்கும் தானிய விஷத்தை மூஞ்சூறு பொதுவாகத் தின்னாது. ஆனால் விஷ உருண்டையைத் தின்ற நத்தையையும் பூச்சியையும் தின்னும், அந்த வழியாக உள்ளே போகும். குருணை மருந்து இன்னும் மோசம். அதில் ஒன்றான ஃபோரேட்டுக்கு 2020 இறுதியோடு தடை வந்துவிட்டது, பழைய இருப்பை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது வேர்ப்புழுவோடு மண்புழுவையும் கொல்லும். மண்புழு போனால் மூஞ்சூறும் போகும், இரண்டு வருடத்தில் வேர்ப்புழு மட்டும் திரும்பி வரும்.

மண்டையோடு

உறுதியான பதில் பல்லில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் இரண்டு எச்சரிக்கை.

சட்டம்: காப்புக்காட்டிலோ, 2013இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள்ளோ செத்த உடலைக்கூட எடுக்கக் கூடாது. உங்களுடையது பட்டா நில வரப்பு என்றாலும் வனச்சரக அலுவலகத்தில் தகவல் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே கத்தி எடுங்கள். சம்மதம் இல்லையென்றால் உதட்டைத் தூக்கிப் படம் எடுப்பதோடு நிறுத்தினாலும் பாதி விடை கிடைக்கும்.

உடல்நலம்: கையுறை, முகக்கவசம் இரண்டும் வேண்டும். வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த வீட்டு மூஞ்சூறிலிருந்து 1964இல் தனியாகப் பிரித்தெடுத்த தோட்டப்பாளையம் வைரஸ் ஹண்டா குடும்பத்தைச் சேர்ந்தது. எலிக்காய்ச்சல் கிருமியும் சிறுநீரில் இருக்கலாம். காதுக்குள் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது அழுக்கில்லை, ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் வகையைச் சேர்ந்த உண்ணியின் இளம்பருவம். உடல் ஆறியதும் தெள்ளு இறங்கி வேறு ஆளைத் தேடும். நீங்கள் உடனே பையில் கட்டி உறைய வைத்தது மிகச் சரி. சமையல் பொருள் வைக்காத பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இனி வேலை. முதலில் உறைபெட்டியிலிருந்து எடுத்து இளகவிட்டு அளவுகளை மறுபடி எடுங்கள். மல்லாக்கக் கிடத்தி, இழுக்காமல், அளவுகோல் மேல். வாலைக் கடைசி எலும்பு வரைதான் அளக்க வேண்டும், நுனி முடிக்கற்றையைச் சேர்க்கக் கூடாது. காதை அடிப்பிளவிலிருந்து மேல் விளிம்பு வரை. பிறகு தொடையிலிருந்து ஒரு பட்டாணி அளவு தசையை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பின்னால் யாராவது மரபணு பார்க்க விரும்பினால் அது மட்டுமே உதவும். உடல் 70 சதவீதத்தில், வயிற்றைக் கீறிவிட்டுப் போட வேண்டும். கீறாவிட்டால் குடல் உள்ளுக்குள் அழுகிவிடும். ஃபார்மலினைத் தவிர்த்துவிடுங்கள், மரபணுவைக் கெடுத்துவிடும். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சாராயத்தில் கரையும்.

மண்டையோட்டைக் கொதிக்க வைக்காதீர்கள். மூஞ்சூறுக்குக் கன்ன எலும்பு வளைவே கிடையாது, மண்டை முழுவதும் தாள் போல மெல்லியது. கொதித்தால் பொருத்துகள் விட்டுப் பல் கொட்டும். தோல் உரித்த தலையை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் பச்சைத் தண்ணீரில் போட்டு வெளியே நிழலில் வையுங்கள். மலைக் குளிரில் தசை கரைய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள். தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் டீ வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். கழன்ற பல் எல்லாம் போவது இந்தக் கட்டத்தில்தான். கடைசியில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சிறிது நேரம். பிளீச்சிங் பவுடர் எலும்பையே தின்றுவிடும், அது வேண்டாம்.

இப்போது 10 மடங்கு லென்ஸ். மேல்தாடையில் முன்னால் பெரிய கொக்கிப் பல், அதன் பின்புறத்தில் ஒரு சின்ன முனை. அதற்குப் பின் ஒற்றை முனைப் பற்கள் வரிசையாக நிற்கும். சன்கஸ் என்றால் நான்கு. நான்காவது மிகச் சிறியது, பெரிய முன்கடைவாய்ப் பல்லின் இடுக்கில் நசுங்கி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் தப்பிவிடும், கீழிருந்து பார்க்க வேண்டும். குரோசிடுரா என்ற இன்னொரு மூஞ்சூறுப் பேரினத்துக்கு மூன்றுதான். மொத்தப் பல் சன்கஸுக்கு 30, குரோசிடுராவுக்கு 28. நுனி எல்லாம் வெள்ளையாகவே இருக்கும். இரும்பு சேர்ந்து நுனி சிவந்த வகைகள் இமயமலையில் உண்டு, தெற்கே இல்லை.

வயது: மூஞ்சூறின் பால்பல் தாயின் வயிற்றுக்குள்ளேயே போய்விடுகிறது. பிறந்து வெளிவருவது நிலையான பல், தேய்ந்தால் தேய்ந்ததுதான். எனவே பல் விழுந்து முளைப்பதை வைத்து வயது சொல்ல முடியாது, தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கடைவாய்ப் பல்லின் முனைகள் ஊசியாக இருந்தால் இளசு. மழுங்கி, மேற்பரப்பில் பழுப்பு நிறத் திட்டு தெரிந்தால் முதிர்ந்தது. உங்கள் மூஞ்சூறு எது என்பதை அந்தத் திட்டு சொல்லிவிடும்.

மன்னவனூர் பூண்டுக்காடு

நன்றி அண்ணன்மாரே. வனச்சரகத்தில் தகவல் சொல்லியாயிற்று. உடலைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொன்னதால் மண்டை எடுக்கவில்லை. உதட்டைத் தூக்கி லென்ஸ் வைத்துப் பார்த்ததோடு சரி. கொக்கிப் பல்லுக்குப் பின் ஒற்றை முனைப் பல் நான்கு, நான்காவது கடுகில் பாதிகூட இல்லை. கடைவாய்ப் பல் நன்றாக மழுங்கி, நடுவில் பழுப்புத் திட்டு தெரிகிறது. மூன்று ஜோடி காம்பும் தெளிவாக இருக்கிறது. முன்கால் நகம் பின்கால் நகத்தைவிட நீளமில்லை.

உறைபனி விழும் மாதங்களில் இவை எப்படித் தாங்குகின்றன? வரப்போரத்தில் இவற்றுக்குச் செய்ய ஏதாவது இருக்கிறதா?

அவலாஞ்சி வாசகன்

அப்படியானால் குட்டி ஈன்ற, முதிர்ந்த பெண். 16 கிராம். சன்கஸ் நைகர் என்று எழுதலாம். மண்டை அளவு எடுக்காததால் பெயருக்குப் பின்னால் "பல், உடல் அளவு கொண்டு" என்று குறித்து வையுங்கள், பின்னால் பார்ப்பவர்களுக்கு உதவும். இடம், உயரம், தேதி, சோலையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதும் வேண்டும். பழனி மலையில் இப்படி விவரத்தோடு கூடிய பதிவு ஒவ்வொன்றும் மதிப்புள்ளது. புலிக்கும் காட்டெருமைக்கும் கிடைக்கும் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

குளிரைப் பற்றி: மூஞ்சூறு குளிர்கால உறக்கம் போகாது. உடல் சிறிது, வெப்பம் வேகமாக வெளியேறும், அதை ஈடுகட்ட இரவும் பகலும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம் இரை இல்லாவிட்டால் செத்துவிடும். வெள்ளைப்பல் மூஞ்சூறுகளில் சிலவற்றுக்கு ஒரு வழி உண்டு: இரை குறையும்போது சில மணி நேரம் உடல் வெப்பத்தைத் தணித்து விறைத்துக் கிடப்பது. குட்டை மூஞ்சூறில் இது நன்றாக ஆராயப்பட்டது. சோலையின் உதவியும் பெரிது. திறந்த புல்வெளியில் உறைபனி படியும் இரவிலும் சோலைக்குள் சருகுக்கு அடியில் மண் உறைவதில்லை. மண்புழுவும் வண்டுப் புழுவும் அங்கே நடமாடிக்கொண்டிருக்கும். சருகைக் கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டால் போர்வையும் சோறும் ஒரே நேரத்தில் போகிறது. வரப்போரத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்காவது சருகை விட்டுவிடுங்கள், விழுந்த கட்டைகளையும் அப்படியே விடுங்கள். சீகையை வெட்டினால் ஒரேயடியாக மொட்டையாக்காமல் பட்டை பட்டையாக வெட்டி, இடையில் விக்கி, நாவல் போன்ற சோலை மரக் கன்றுகள் தலைதூக்கியதும் அடுத்த பட்டைக்குப் போங்கள்.

பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டை இருக்கிறதா? அதுதான் பெரிய பொறி. நீந்தும், ஆனால் வழுக்கும் விரிப்பில் ஏற முடியாது. கரையில் முளை அடித்துச் சாக்குப் பட்டையோ தென்னைக்கயிற்று வலையோ தண்ணீருக்குள் இரண்டடி இறங்கும்படி மூன்று நான்கு மீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். மூலைகளில் கட்டாயம் வேண்டும், விழுந்தவை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூலைக்குத்தான் வந்து சேரும். வால்வுக் குழிகளுக்கு மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் ஒரு சாய்ந்த பலகை போதும்.

லாங்வுட் நடை

குட்டையைவிடச் சத்தமில்லாமல் கொல்வது பாட்டில். வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் கண்ணாடி பாட்டிலுக்குள் மிச்ச மதுவின் வாடைக்கு வண்டு விழும், வண்டுக்கு மூஞ்சூறு இறங்கும், ஈரக் கண்ணாடியில் கால் பிடிக்காது. முதல் உடல் அழுகினால் அந்த வாடைக்கு இன்னும் வண்டு வரும், அதற்கு இன்னொரு மூஞ்சூறு. சாலையோர வளைவுகளில் கிடக்கும் பாட்டில்களைச் சல்லடையில் கவிழ்த்து மண்டையோடு தேடுவது பல நாடுகளில் ஒரு கணக்கெடுப்பு முறையாகவே இருக்கிறது. நீலகிரியில் டாஸ்மாக் கடையில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022இல் கொண்டுவந்தார்கள். யானைக் காலில் கண்ணாடி ஏறுவதைத் தடுக்க வந்த உத்தரவு, மூஞ்சூறுக்கும் சேர்த்துப் பயன். பொறுக்கும்போது கவிழ்த்துப் பாருங்கள், உயிரோடு இருந்தால் பாட்டிலைச் சருகின் மேல் வாய் கீழாகச் சாய்த்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

உயிரோடு பார்க்க ஆசைப்பட்டு, அவை விழுந்து மாட்டும்படி வாளி புதைத்துவிடாதீர்கள். ஆய்வாளர்கள் அனுமதி வாங்கி, வாளியில் சருகும் இரையும் போட்டு, அடியில் துளையிட்டு, இரவு முழுக்க இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பார்கள். அப்படியும் மழை நாளில் திறக்க மாட்டார்கள், நனைந்த மூஞ்சூறு விடியும் வரை தாங்காது. அதற்குப் பதில் கேமரா பெட்டி செய்யுங்கள். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் இரண்டு அங்குல பிவிசி குழாயை வாசலாகச் செருகி, எதிர்ப் பக்கம் தானியங்கிக் கேமரா. கேமராக் கண்ணாடி மேல் +4 பவர் படிப்புக் கண்ணாடி வில்லையை ஒட்டினால் 25 சென்டிமீட்டரில் தெளிவாக விழும். கேமரா விளக்கை மெல்லிய வெள்ளை டேப்பால் மறைக்காவிட்டால் படம் வெளுத்துப்போகும். தரையில் சென்டிமீட்டர் கோடு போட்டு வையுங்கள், வாலும் உடலும் என்ன விகிதம் என்று அப்போதுதான் தெரியும். இரை வேண்டாம், சருகு போதும். குழாய் என்றால் அவை தாமாகவே நுழையும். டேயியா நைகரா என்பதை வால் நீளம் காட்டும், நைகரா வீட்டு மூஞ்சூறா என்பதைப் படம் காட்டாது.